தொட்டிக்கு வந்த சின்னன்

மீனை உயிரோடு பார்த்ததைவிடச் செத்துப் பார்த்ததுதான் அற்புதராணிக்கு அதிகம். கொழும்புத்துறையிலேயே பிறந்து, கொழும்புத்துறையிலேயே வாழ்க்கைப்பட்டு, பாதி ஆயுளைச் சந்தையில் அரிவாளுக்கு முன்னால் குந்தியிருந்து மீன் வெட்டி விற்றுக் கழித்தவள் அவள். விடியப்புறம் வலையில் பட்ட மீன் எது, நேற்று ஐஸ் பெட்டிக்குள் படுத்தெழும்பி வந்த மீன் எது என்று செவுளைத் தூக்கிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அவளோடு பேரம் பேசியவர்கள் ஊரில் நிறையப் பேர். வென்றவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவளின் வீட்டு ஹோலில், கறிக்கும் உதவாத கருவாட்டுக்கும் உதவாத மீன்கள் வந்து குடியேறியது அவளுடைய கணவர் லெனாட்டின் வேலை. லெனாட் படகு எஞ்சின் திருத்துகிறவர். மாதகல் பக்கம் ஒரு எஞ்சின் பார்க்கப் போனவர், வரும்போது சோடாப் போத்தல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். உள்ளே பெருவிரல் அளவில் ஒரு மீன். கறுத்த உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டி, மஞ்சள் வால். கடலுக்கடியில் மூழ்கிக் கொழும்புக்கு அலங்கார மீன் பிடித்து அனுப்புகிற ஜெனிஸ்ரன் என்ற சுழியோடி, செட்டை கிழிந்துவிட்டதென்று கழித்துப்போட்ட கோமாளி மீன் அது.

“உதை என்ன செய்யப்போறியள்?” என்று கேட்டாள் ராணி.

“வளர்க்கப்போறன்.”

“கடல் கூப்பிடு தூரத்திலை கிடக்கு. அதை வீட்டுக்குள்ளை கொண்டுவந்து வளர்க்கிற முதல் விசரன் நீங்கள்தான்.”

விசர் முற்றியது. கண்ணாடி வெட்டி ஒட்டித் தொட்டி செய்தார். எஞ்சினோடு புழங்கிய கைக்கு மோட்டர் பூட்டுவது பெரிய காரியமா? நீலமும் வெள்ளையுமாக லைட் போட்டார். வீட்டுக்கு முன்னால் கிடந்த ஆழமில்லாத கடற்களப்பின் தண்ணீரை அவர் தொடவில்லை. மழை பெய்தால் அதில் உப்புக் குறைந்துவிடும் என்று வடகரைக்குப் போய்ப் பிளாஸ்ரிக் கான் கானாகக் கடல்தண்ணீர் அள்ளி வந்தார். பவளப்பூச்சிகள் உயிரோடு ஒட்டியிருந்த முருகைக்கல் வந்தது. விரல் விரலாக ஆடுகிற கடல்சாமந்தி ஒன்று வந்தது. செட்டை கிழிந்த மீன் அதற்குள் புகுந்து படுத்துப் பெருத்தது. அதற்குச் சோடியாக இன்னொன்று, பிறகு நீலக் குஞ்சுகள், மீசை நீண்ட ஒரு றால் என்று தொட்டி நிறைந்தது.

ராணி ஒவ்வொன்றுக்கும் திட்டினாள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். திட்டுவதற்கென்றே பார்த்துக்கொண்டிருப்பவர்கள், ரசிக்கிறவர்களைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள். புதுமீன் வந்தால் லெனாட் அதை நேரே தொட்டிக்குள் விடமாட்டார். முதலில் பின்பக்கத்தில் தனித் தொட்டி ஒன்றில் சில கிழமை. நோய் நொடி இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு பெரிய தொட்டியின் தண்ணீரை அதன் வாளிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்குவார். ஒரேயடியாக ஊற்றினால் உப்பு மாறி மீன் விறைத்துப்போகும். அடுத்தது, தொட்டிக்குள் இருக்கும் கல்லுகளை இடம் மாற்றி வைப்பார்.

“உதேன் இப்ப கல்லை எல்லாம் கிண்டுறியள்?”

“பழசுக்கும் இடம் புதுசாத் தெரியவேணும் ராணி. அப்பதான் என்ரை, உன்ரை எண்டு அடிபடாது.”

கடைசியாக அவளுடைய இடியப்பத் தட்டு இரண்டை முகத்தோடு முகம் வைத்துக் கட்டி, புதுமீனை அதற்குள் வைத்துத் தொட்டியில் தொங்கவிடுவார். பழையதும் புதியதும் ஒன்றையொன்று பார்க்கலாம், கடிக்க முடியாது. பொழுதுபடும் நேரம் லைட்டை நிறுத்தி, இருட்டுக்குள் தட்டைத் திறந்துவிடுவார். “இடியப்பத்திலை மீன்வெடுக்கு அடிக்கும்” என்று ராணி அன்று முழுக்கக் கத்துவாள். மீன்காரியின் வீட்டில் இந்தக் கதையைக் கேட்டு லெனாட் சிரிசிரியென்று சிரிப்பார்.

நோய் வந்து படுத்தபோது அவருடைய கட்டிலைத் தொட்டிக்கு நேரே போட்டார்கள். பெரியாஸ்பத்திரியில் இனி வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று விட்ட பிறகு, தெரிந்த நேர்ஸ் பிள்ளை ஒருத்தி வந்து வீட்டிலேயே சேலைன் ஏற்றினாள். சேலைன் சொட்டுவதைப் பார்த்தபடி ராணி பக்கத்தில் இருப்பாள். லெனாட் மீனைப் பார்த்தபடி கிடப்பார். அந்த நாட்களில் ராணி திட்டவில்லை. றாலைப் பொடிப்பொடியாக அரிந்து அவர் கையில் கொடுப்பாள்; அவர் கையைத் தொட்டிவரை தூக்க அவள்தான் முழங்கையைத் தாங்கிப் பிடிப்பாள். பெரிய கோமாளி மீன் மேலே வந்து அவர் விரலிலிருந்தே பறித்துத் தின்னும்.

லெனாட் போனதும் செத்தவீட்டைப் பொறுப்பெடுத்து நடத்தியது அவருடைய அக்கா மேர்சி. கோயிலடி ஒழுங்கையில் இருப்பவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எந்தச் சடங்குக்கு எந்த மெழுகுதிரி, யாருக்கு முதலில் சொல்லவேண்டும், எதை மூடவேண்டும், எதைத் திறக்கவேண்டும் என்பதெல்லாம் மேர்சியைக் கேட்டுத்தான் அந்தக் கோயில் பங்கில் நடக்கும். அவள் ரீவியை மூடினாள். கண்ணாடியை மூடினாள். சுவரோரம் நீலமும் வெள்ளையுமாக மினுங்கிக்கொண்டு, மோட்டர் கொறகொறவென்று சத்தம் போட்டுக்கொண்டு, கலியாண வீடு மாதிரி நின்றது தொட்டி. தம்பி பெட்டிக்குள் கிடக்கிறான், இது என்ன ஆட்டம் என்று அவளுக்குப் பட்டிருக்கவேண்டும். குனிந்து சுவரில் இருந்த இரண்டு சுவிச்சையும் நிறுத்தினாள். தொட்டிக்கு மேல் வெள்ளை விரிப்பு ஒன்றைப் போட்டாள். செத்தவீட்டில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் நிறுத்துவதில் யார் பிழை காண்பார்கள்? ஒருவரும் காணவில்லை.

மறுநாள் பெட்டி தூக்க வந்த ஜெனிஸ்ரன்தான் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான்; மோட்டர் நின்று மூச்சுமுட்டி மீன்கள் செத்துக் கிடந்தன, அவன் சேமக்காலைக்குப் போகாமல் நின்றுவிட்டான். சேமக்காலைக்குப் போய் மண் போட்டுவிட்டு எல்லோரும் திரும்பியபோது மோட்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. விரிப்பு எடுத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஜெனிஸ்ரன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முருங்கைக்குக் கீழே மண்ணை மூடிக்கொண்டு நின்றான். நீலக் குஞ்சுகளும், றாலும், கோமாளி மீன் சோடியில் சின்னதும் அதற்குள் போய்விட்டிருந்தன. செட்டை கிழிந்து வந்த அந்தப் பெரியது மட்டும் தண்ணீரின் மேற்பரப்போடு வாயை வைத்துக்கொண்டு தப்பிக் கிடந்தது.

அதற்குப் பிறகு மேர்சி தினமும் வந்தாள். புட்டோ இடியப்பமோ சோறோ, கிண்ணத்தை மூடிக்கொண்டு பின்வாசலால் குசினிக்குள் வருவாள். ராணி சாப்பிட்டு முடிக்கும்வரை இருப்பாள். செபமாலை சொல்வதென்றாலும் குசினிக்குள்தான். ஹோலுக்குள் கால் வைப்பதில்லை. அங்கே லெனாட்டின் படம் மாட்டியிருப்பதால் வரவில்லை என்று ராணி முதலில் நினைத்தாள். பிறகுதான் விளங்கியது, படம் இல்லை, தொட்டி. விளங்கியும் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். சொல்ல எங்கே தொடங்குவது?

பெரியது தின்னாமல் விட்டது. கடல்சாமந்தியை விட்டு வெளியே வந்து, மோட்டர் தண்ணீர் தள்ளுகிற மூலையில் முகத்தைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டு நின்றது. றாலை அரிந்து போட்டால் அது பக்கத்தால் விழுந்து அடியில் கிடந்து பழுதாகும். மகள் ஷெரோன் பிரான்சிலிருந்து வீடியோவில் வந்து, “அம்மா, தொட்டியை ஆருக்கும் குடுத்திட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு இஞ்சை வாங்கோ” என்றாள். லெனாட்டின் கையால் தின்று வளர்ந்த உயிர் இந்த வீட்டில் இது ஒன்றுதான் மிச்சம். இதுவும் போய்விட்டால் அவர் இருந்தார் என்பதற்கு அந்த ஹோலில் படத்தைத் தவிர ஒன்றும் இராது. ராணி போனைத் தொட்டியின் பக்கம் திருப்பி மகளுக்கு அந்த மீனைக் காட்டினாள்.

ஒருநாள் ஜெனிஸ்ரன் வந்து தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தான்.

“அன்ரி, இது தனிய இருக்கிற சாதியில்லை. சோடியாத்தான் சீவிக்கும். பெரிசுதான் பொம்பிளை. சின்னனா ஒண்டு விட்டால், அது வளர்ந்து இதுக்கு ஆம்பிளையாகும். விடாட்டி இது இப்பிடியே கிடந்து போயிடும்.”

“விட்டால் இது அதைக் கடிக்காதோ?”

“கடிக்கவும் கூடும். அங்கிள் விடுற மாதிரி விட்டால் பெரும்பாலும் கடிக்காது.”

குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. மேர்சி நடைவாசல்வரை வந்துவிட்டாள். ஆனாலும் ஹோலுக்குள் வரவில்லை, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்னடா கதைக்கிறாய்? இன்னும் வருசப் பூசை குடுக்கேல்லை. இந்த வீட்டிலை மீனுக்குக் கலியாணமோ?”

“கலியாணமில்லை அன்ரி, துணை.”

“துணையோ! வருசம் திரும்பும்வரைக்கும் செத்தவீட்டுக்குப் புதுசா ஒரு சட்டிகூட வாங்கக்கூடாது. சனம் என்ன சொல்லும்? கட்டினவனை மண்ணுக்குள்ளை வைச்ச கையோடை விளையாட்டுமீன் வாங்குறாள் எண்டு சொல்லும்.”

“சனம் வந்து இதுக்குச் சாப்பாடு தீத்துமோ மச்சாள்?” என்றாள் ராணி.

“எதிர்க்கதை கதைக்காதை ராணி. நான் தம்பிக்காகத்தான் சொல்லுறன்.”

“தம்பிக்காகவோ? அவர் கையால வளர்த்ததுகளைச் சாகக் குடுத்தது ஆர்? நீங்கள்தானே சுவிச்சிலை கை வைச்சனீங்கள்!”

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டிவிட்டாள். மேர்சியின் முகம் அப்படியே வெளிறிப்போனது. அவள் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. அதுதான் பெரிய பயம், ஏனென்றால் மேர்சி திருப்பிச் சொல்லாமல் விட்டதை அந்த ஊரில் யாரும் கண்டதில்லை. சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பின்வாசலால் போய்விட்டாள். அடுத்த நாள் இடியப்பம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ஜெனிஸ்ரன் புதுமீனைக் கொண்டுவந்தான். சின்னிவிரலில் பாதி இருக்கும். ராணி அதற்குப் பேர் வைக்கவில்லை, சின்னன் என்றே சொன்னாள். பின்பக்கத் தனித்தொட்டியில் விட்டு, காலையும் மாலையும் போய்க் குனிந்து பார்ப்பாள். உடம்பில் வெள்ளைப் புள்ளி விழுகிறதா, செட்டையைச் சுருக்குகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று பார்த்தாள். செத்த மீனின் குற்றம் கண்டுபிடித்தே பழகிய கண்ணுக்கு, உயிருள்ள மீனில் குற்றம் ஒன்றும் இல்லாதிருப்பது முதலில் நம்பமுடியாமல் இருந்தது. சின்னன் நன்றாகத் தின்றது, நன்றாக ஓடியது. ஹோலில் பெரியதுதான் நாளுக்கு நாள் மெலிந்து தலை பெருத்துத் தெரிந்தது.

தனியே சமைத்துத் தனியே தின்ற அந்தக் கிழமைகளில் ராணி அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்தாள். பெட்டிக்குப் பக்கத்தில்தான் அவள் இருந்தாள். மேர்சி சுவரடியில் குனிந்ததைக் கண்டாள். கொறகொறவென்ற சத்தம் நின்றது. நின்றதும் தனக்கு எப்படி இருந்தது? அதை இப்போதுதான் தன்னிடமே கேட்டாள். ஆறுதலாக இருந்தது. அவர் இல்லாத வீட்டில் அவருடைய மோட்டர் மட்டும் ஓடுவது அவளாலும் தாங்கமுடியாமல்தான் இருந்தது. பிறகு ஏன் மேர்சியின் தலையில் மட்டும் போட்டாள்? கையில் ஆள் இருந்தால் பழி போட இலேசாக இருக்கிறது, அவ்வளவுதான்.

சின்னனைப் பெரிய தொட்டிக்கு மாற்றவேண்டிய நாள் வந்தது. காலையிலேயே தொட்டிக்குள் கைவிட்டுக் கல்லுகளை இடம் மாற்றி வைத்தாள். பிறகு சீலையை உதறி உடுத்திக்கொண்டு கோயிலடி ஒழுங்கைக்குப் போனாள். மேர்சி வீட்டு வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி வெங்காயத்தைப் பார்த்தாள்.

“மச்சாள், எனக்கு இண்டைக்கு ஒரு கை வேணும்.”

“என்னத்துக்கு?”

“சின்னனை விடப்போறன். ஒருத்தர் தண்ணிக்குள்ளை தட்டைப் பிடிக்கவேணும், ஒருத்தர் லைற்றைப் பார்க்கவேணும். தனிய ஏலாது.”

“உன்ரை சுழியோடி எங்கை?”

“அவன் வருவான், கூப்பிட்டால். நான் கூப்பிடேல்லை. நீங்கள் வாங்கோ.”

மேர்சி ஒரு வெங்காயத்தை முழுதாக உரித்து முடித்தாள். “நான் தொட்டதுதானே உதெல்லாம் செத்தது,” என்றாள். குரலில் கோபம் இல்லை.

ராணி படியில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். “நான் அண்டைக்குச் சொன்னது முழுக்க உண்மையில்லை மச்சாள். நீங்கள் நிப்பாட்டேக்கை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். சத்தம் நிண்டது எனக்கும் நல்லாத்தான் இருந்தது. வேண்டாம் எண்டு நான் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கவேணும், அவரோடை இருந்தவள் நான்தானே.”

மேர்சி மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் என்று சொல்ல அவளுக்குத் தோதாகத்தான் இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. “கையைக் கழுவிப்போட்டு வாறன், நில்லு,” என்று எழும்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் மேர்சி பின்பக்கம் திரும்பினாள். ராணி முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். மேர்சி ஒரு கணம் தயங்கிவிட்டுப் படியேறினாள். தம்பியின் படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு, தொட்டியைப் பார்க்காமல் கதிரையின் நுனியில் இருந்தாள்.

ராணி வாளியைத் தொட்டிக்குக் கீழே வைத்தாள். சின்னன் அதற்குள் சுற்றிச் சுற்றி வந்தது. அலுமாரிக்குள்ளிருந்து ஒரு குழாயை எடுத்தாள். மேர்சி அடையாளம் கண்டுகொண்டாள்.

“அது தம்பிக்கு ஏத்தினதெல்லோ?”

“ஓம். ஒண்டு பாவிக்காமல் மிஞ்சிக் கிடந்தது. எறிய மனம் வரேல்லை.”

ஒரு நுனியைத் தொட்டிக்குள் போட்டு, மறு நுனியை வாளிக்கு மேல் தொங்கவிட்டு, நடுவில் இருந்த சின்னச் சில்லை விரலால் உருட்டி இறுக்கினாள். தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கூடினால் இறுக்கினாள், குறைந்தால் தளர்த்தினாள். இந்த வேலையில் அவளுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இரண்டு பேரும் வாளிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு, லெனாட்டின் பழைய கதைகளைக் கதைத்தார்கள். சண்டைக்குப் பயந்து ஊரே இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போன நாளில், எல்லாரும் உடுப்பும் அரிசியும் தூக்க, லெனாட் உடைந்த எஞ்சின் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன கதையை மேர்சி சொன்னாள். ராணி ஆயிரம் தரம் கேட்ட கதைதான், ஆனாலும் புதுசாகக் கேட்பதுபோல் சிரித்தாள்.

வாளி நிறைந்ததும் சின்னனை மெதுவாக இடியப்பத் தட்டுகளுக்குள் விட்டுக் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். மூலையில் நின்ற பெரியது திரும்பியது. அது திரும்பியே எத்தனையோ நாள். மெதுவாக வந்து தட்டைச் சுற்றியது, மூக்கால் இடித்தது, விலகியது, மறுபடி வந்து இடித்தது. மேர்சி கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்துவிட்டாள்.

“கோபமோ அதுக்கு?”

“தெரியாது மச்சாள். ஆர் நீ எண்டு கேக்குது போல.”

வெளியே பொழுது சாய்ந்தது. ராணி முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டுத் தட்டின் முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். “இனி லைற்றை நிப்பாட்டுங்கோ.”

மேர்சி அசையவில்லை. “நீ நிப்பாட்டு.”

“என்ரை கை ஈரம். கரண்ட் அடிக்கும். ரண்டு சுவிச்சு இருக்கு, மேலது லைற், கீழது மோட்டர். மேலதை மட்டும்.”

“மேலது லைற்.”

“ஓம்.”

“கீழதைத் தொடக்கூடாது.”

“தொடக்கூடாது.”

மேர்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். சுவரடிக்குப் போய்க் குனிந்து, ஒரு விரலை மட்டும் நீட்டி, மேல் சுவிச்சைத் தட்டினாள். ஹோல் இருண்டது. இருட்டுக்குள் மோட்டர் கொறகொறவென்று ஓடிக்கொண்டேயிருந்தது. மேர்சி குனிந்தபடியே நின்று அதைக் கேட்டாள். அது நிற்கவில்லை. இன்னும் கேட்டாள். பிறகு அப்படியே சுவரோடு சரிந்து இருந்து, “என்ரை ராசா, என்ரை ராசா” என்று வாய்விட்டு அழுதாள். செத்தவீட்டில் எல்லாரையும் அழவிட்டுவிட்டு, எல்லா வேலையும் பார்த்துக்கொண்டு நின்றவள், இப்போதுதான் தம்பிக்காக அழுதாள்.

ராணிக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல் இருந்தது. கை இரண்டும் தண்ணீருக்குள். “அழுங்கோ மச்சாள்,” என்று மட்டும் சொன்னாள். தானும் அழுதாள். துடைக்கக் கை இல்லாததால் கண்ணீர் கன்னத்தால் இறங்கித் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. உப்புத் தண்ணீர்தானே, தொட்டிக்கு ஒன்றும் ஆகாது.

முடிச்சை அவிழ்த்தாள். யன்னலால் வந்த மங்கல் வெளிச்சத்தில், சின்னன் தட்டுக்கு வெளியே வந்தது தெரிந்தது. பெரியது அம்புபோல் பாய்ந்தது. மேர்சி அழுகையை விட்டு எழும்பி ஓடிவந்தாள்.

“ஐயோ, கடிக்குது! எடு, எடு!”

“பொறுங்கோ.”

சின்னன் ஓடவில்லை. ஒரு பக்கம் சரிந்து, உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. இதை ராணி முன்பும் கண்டிருக்கிறாள், திட்டிக்கொண்டே கண்டிருக்கிறாள். “நடுங்கினால் பயமில்லை ராணி. நீதான் பெரிசு, நான் சண்டைக்கு வரேல்லை எண்டு சொல்லுது” என்று லெனாட் சொல்லியிருக்கிறார். பெரியது முட்டுவதுபோல் வந்து, முட்டாமல் சுற்றியது. மறுபடி சுற்றியது. தன் பழைய மூலையைத் தேடிப் போனது. அந்த மூலையில் இப்போது வேறு கல் இருந்தது. திகைத்ததுபோல் நின்றுவிட்டு, கடல்சாமந்திக்குள் போய்ப் படுத்தது. செத்தவீட்டுக்குப் பிறகு முதல்தரம். சின்னன் வெளியே ஒரு கல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

“வெளியிலை விட்டிட்டுதே,” என்றாள் மேர்சி.

“காலமைதான் தெரியும்.”

“அப்ப நான் நிக்கிறன்,” என்று மேர்சி பாயைக் கேட்டு வாங்கி, ஹோலில் தொட்டிக்குப் பக்கத்திலேயே விரித்தாள்.

விடிந்தபோது ராணியை எழுப்பியதும் மேர்சிதான். “எழும்படி, எழும்பு. வந்து பார்.” கடல்சாமந்தியின் விரல்களுக்கு நடுவே பெரியது கிடந்தது. ஓரத்தில், இரண்டு விரலுக்கு இடையில் தலையை மட்டும் உள்ளே செருகிக்கொண்டு சின்னன் கிடந்தது. பெரியது அதைத் துரத்தவில்லை. ராணி குசினிக்கு ஓடி, றால் ஒன்றை எடுத்து அரிவாளில் பொடியாக அரிந்து வந்தாள். ஒரு துண்டை விரல் நுனியில் வைத்துத் தண்ணீருக்குள் நீட்டினாள். பெரியது பார்த்தது. மேலே வந்தது. அவள் விரலிலிருந்து பறித்துத் தின்றது. ராணி வாயைப் பொத்திக்கொண்டு, விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“இன்னும் குடு,” என்றாள் மேர்சி. “சின்னனுக்கும் போடு. பார்த்துக்கொண்டு நிக்குது.”

அவள் சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்து எதையோ தேடினாள். லெனாட்டின் கையில் ஊசியை ஒட்டி வைப்பதற்கு வாங்கிய வெள்ளைப் பிளாஸ்ரர் சுருள் கிடைத்தது. பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்து, சுவரடியில் குந்தியிருந்து, கீழ் சுவிச்சின்மேல் வைத்து அழுத்தி ஒட்டினாள். போதாதென்று குறுக்கே இன்னொரு துண்டும் ஒட்டினாள். எழும்பி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, ஊர்ச் செத்தவீடுகளை எல்லாம் நடத்துகிற அதே குரலில் சொன்னாள்:

“நான் செத்தாலும் சரி, நீ செத்தாலும் சரி, இதை ஒருத்தரும் நிப்பாட்டக்கூடாது. சொல்லிப்போட்டன்.”

“ஓம் மச்சாள்,” என்றாள் ராணி.

மேர்சி குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பில் கேத்தலை வைத்தாள். இடியப்பத் தட்டில் மீன்வெடுக்கு அடிக்கிறதென்று அங்கிருந்தே அவள் ஏசத் தொடங்கியது ஹோல்வரை கேட்டது.